விருந்தாளியோடு மலைக்குப் போகிறீர்களா?

வெளியூரிலிருந்து பழைய சிநேகிதர் வந்திருக்கிறார். வெயில் குறைகிற பாடாக இல்லை. 'கொல்லிமலைக்குப் போய் ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கிட்டு, அருவியில குளிச்சுட்டு வரலாமே!' என்று வீட்டில் யாராவது ஆரம்பித்து வைப்பார்கள். நல்ல யோசனைதான். தாராளமாகப் போய் வாருங்கள். போகும் முன் ஒரு சித்த வைத்தியனாக உங்களிடம் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

ஆனி, ஆடி இரண்டும் முதுவேனில் காலம். கோடையின் கடைசிப் பகுதி. இந்த மாதங்களில் உடம்பில் வாதம் மெல்ல மெல்ல வளரும் என்கிறது சித்த மருத்துவம். சித்திரை, வைகாசி வெயிலில் ஏற்கெனவே உடம்பு வறண்டு போயிருக்கும். மலையில் காற்றும் பலமாக அடிக்கும். கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது, மூட்டு குடைவது, நாக்கு வறள்வது எல்லாம் இந்தக் காலத்தில் சகஜம். வருஷம் பூராவும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு இன்னும் சீக்கிரம் வரும்.

இறங்குவது சுலபம், ஏறுவது?

காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியிலேயே சிலருக்குக் குமட்டும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வண்டியில் ஏறாதீர்கள். வெறும் வயிற்றோடும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். ஒரு சின்னத் துண்டு இஞ்சியை உப்புத் தொட்டு வாயில் அடக்கிக்கொண்டால் குமட்டல் மட்டுப்படும்.

அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். மற்ற மலைகளில் முதலில் ஏற்றம், களைத்த பிறகு இறக்கம். இங்கே தலைகீழ். பேசிக்கொண்டே ஜாலியாக இறங்கிவிடுவோம். குளித்து, பசித்து, தொடை நடுங்கும் நேரத்தில்தான் ஏற்றம் ஆரம்பிக்கும். அதனால் இறங்கும்போதே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நூறு படி இறங்கியதும் விருந்தாளியின் முகத்தைப் பாருங்கள். மூச்சு வாங்குகிறதா, முழங்காலைப் பிடித்துக்கொள்கிறாரா? அப்படியானால் அங்கிருந்தே திரும்பிவிடலாம். அருவி எங்கும் ஓடிவிடாது.

அடக்கக் கூடாத பதினான்கு

உடம்பில் தானாக எழும் 14 வேகங்களை அடக்கக் கூடாது என்று சித்தர்கள் சொல்லியிருக்கிறார்கள். பசி, நீர்வேட்கை, சிறுநீர், மலம், இளைப்பு, தூக்கம், சுவாசம் எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. விருந்தாளி எதையெல்லாம் அடக்குவார் தெரியுமா? கிட்டத்தட்ட இவை அத்தனையையும்!

'நம்மால் இவர்களுக்குச் சிரமம் வேண்டாம்' என்று தாகத்தைச் சொல்ல மாட்டார். 'நான் நல்லா இருக்கேன், நீங்க நடங்க' என்பார். பெண்களின் பாடு இன்னும் கஷ்டம். வழியில் கழிப்பறை இருக்காதே என்று பயந்து, காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். மறுநாள் நீர்க்கடுப்பு வந்து நிற்கும்.

ஆகவே 'தண்ணி வேணுமா?' என்று கேட்காதீர்கள். கேட்டால் 'வேண்டாம்' என்றுதான் பதில் வரும். நீங்களே உட்கார்ந்து, நீங்களே குடித்து, அவர் கையிலும் ஒரு டம்ளரைக் கொடுங்கள். கால் மணிக்கொரு முறை நாலு வாய் போதும். கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து, வீட்டுப் பெண்களை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். கூட்டத்தில் யார் மெதுவாக நடக்கிறாரோ, அவரை முன்னால் விடுங்கள். அவர் வேகம்தான் எல்லோருடைய வேகமும்.

மாத்திரை சாப்பிடுபவரா?

இதைக் கிளம்பும் முன்பே தனியாகக் கேட்டுவிடுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு, அதிகம் நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே இரண்டு மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பிறகு ஏதாவது சாப்பிட வையுங்கள். ரத்த அழுத்தத்துக்கு, நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவருக்கு வியர்வையும் சேர்ந்தால் தலை சுற்றும். அவர் தம் டாக்டரைக் கேட்டுவிட்டு வருவது நல்லது. இதய நோய் உள்ளவருக்கு இந்தப் படிகள் வேண்டவே வேண்டாம்.

என்ன குடிக்கலாம்?

பானகம்: ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, அரை மூடி எலுமிச்சைச் சாறு, கால் ஸ்பூன் சுக்குத்தூள், இரண்டு ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு சேருங்கள். சர்க்கரைக்காரர்களுக்கு உப்புப் போட்ட நீர்மோர். ஓடைத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தாலும் காய்ச்சாமல் குடிக்காதீர்கள்.

கொல்லிமலையில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்பார்கள். சூடாக, மிளகு போட்டு ருசியாக இருக்கும். குடித்துப் பாருங்கள். ஆனால் ஒரு டம்ளரில் பத்து வருஷ மூட்டுவலி பறந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 'மூலிகை' என்று யாரோ காட்டும் இலையையும் வேரையும் வாயில் போட்டுப் பார்க்கும் ஆசை அறவே கூடாது.

கைமருந்துக்கு இது நேரமில்லை

சித்த வைத்தியனான நானே சொல்கிறேன். சில இடங்களில் கஷாயம் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடையில் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் 'வாயுப் பிடிப்பு' என்று சுக்குத் தண்ணீர் கொடுத்து நேரத்தை வீணாக்காதீர்கள். அவரை ஒரு படிகூட ஏற விடாமல், ஆள் வைத்துத் தூக்கி வந்து ஆஸ்பத்திரியில் சேருங்கள்.

வெயிலில் நடந்தவர் உளறினாலோ, மயங்கினாலோ நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுக்க ஈரத்துணி போட்டு விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். 108-க்குச் சொல்லுங்கள்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை அரைப்பது எதுவும் வேண்டாம். கடிபட்ட கால் அசையாதபடி வைத்து, விஷமுறிவு ஊசி உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே போங்கள்.

ராத்திரித் தங்கல்

காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் கூடாரம் போடக் கூடாது. தங்கும் விடுதி வளாகத்திலேயே போட்டுக்கொள்ளலாம். 'குளிர் காயலாம்' என்று சருகைக் கூட்டி நெருப்பு மூட்டாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்ததை மறக்க முடியுமா? குளிருக்கு ஒரு கம்பளியும் குல்லாவும் போதும்.

அருவித் தண்ணீர் திடீரென்று கலங்கலாக வந்தால், மேலே மழை என்று அர்த்தம். சோப்பை விட்டுவிட்டுக் கரையேறுங்கள்.

படுக்கும் முன் வெதுவெதுப்பான நல்லெண்ணெயைக் காலில் தடவி, வெந்நீரில் கழுவினால் அலுப்புத் தீரும். சுளுக்கு, வீக்கம் இருந்தால் நீவக் கூடாது.

மறுநாள் காலையில், 'இன்னொரு இடம் பாக்கி இருக்கு, பார்த்துடலாமா?' என்று நீங்கள் கேட்டால் சிநேகிதர் மாட்டேன் என்று சொல்ல மாட்டார். அதனால் கேட்காதீர்கள். சுடச்சுட ஒரு காபியைக் கொடுத்து, பத்து மணி வரை அவரைத் தூங்க விடுங்கள்.