கோதாவரியின் பழைய ரயில் பாலம்

ஆட்டையாம்பட்டிச் சுற்றுவட்டாரத்து ஜவ்வரிசி கொல்கத்தாவுக்கு ரயிலேறினால் ராஜமகேந்திரவரத்தில் கோதாவரியைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆற்றுக்கு அப்பால் சாமர்லகோட்டை, பெத்தாபுரம் பக்கமும் மரவள்ளிக் காடுகளும் ஜவ்வரிசி ஆலைகளும் உண்டு. நம் சரக்குக்குப் போட்டி அங்கேதான்!

ராஜமகேந்திரவரத்தில் அந்த ஆற்றின் மேல் ரயில் முதலில் ஓடியது ஹேவ்லாக் பாலத்தின் மீது. 1897-ல் வேலை தொடங்கி 1900-ல் ரயில் விட்டார்கள். அப்போதைய சென்னை மாகாண கவர்னரின் பெயர் அது. கட்டியவர் பொறியாளர் வால்டன். அதற்கு முன்பே காசியில் கங்கைப் பாலம் கட்டிய அனுபவம் அவருக்கு இருந்தது. 150 அடி அகலத்தில் 56 கண்கள். நீளம் இரண்டரை கிலோமீட்டருக்கு மேல். சற்றுக் கீழே தவளேஸ்வரத்தில் ஆர்தர் காட்டனின் அணை இருக்கிறது. முக்கொம்பில் கொள்ளிடத்துக்கு அணை கட்டிய அதே காட்டன்தான்.

கற்தூண்கள் மேல் முக்கோணம் முக்கோணமாகப் பின்னிய இரும்புச் சட்டங்கள். நான்கு கம்பைச் சதுரமாக அடித்தால் காற்றுக்கு ஆடும். மூலைக்கு மூலை ஒரு குறுக்குக் கம்பு கட்டினால் நிற்கும். புடலைப் பந்தல் போடுகிறவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேலே இரும்பு எவ்வளவு பலமானாலும் சூட்சுமம் அடியில்தான். மணல் ஆற்றில் பெரிய பாலங்களுக்கு உறைகிணறு இறக்குவதுபோல் உள்மணலை வாரி வாரி அடித்தளத்தை இறக்குவார்கள். அதைப் பிடித்து நிறுத்துவது சுற்றியுள்ள மணல். வெள்ளம் அதை அரித்தாலும், ஆட்கள் அள்ளினாலும் பிடிமானம் குறையும். திருச்சி கொள்ளிடத்தில் 1928-ல் கட்டிய பழைய இரும்புச் சாலைப் பாலம் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண் சரிந்துதான் விழுந்தது. நல்லவேளை, அதற்கு முன்பே போக்குவரத்தைப் புதுப் பாலத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

ஹேவ்லாக் பாலத்தில் 1997-ல் ரயிலை நிறுத்தினார்கள். 1974-ல் வந்த சாலை-ரயில் பாலமும், பிறகு கட்டிய வளைவுப் பாலமும் இப்போது சுமையைத் தாங்குகின்றன. கிழவன் பக்கத்தில் சும்மா நிற்கிறான்.

காவிரிக் கரையிலோ திருமணிமுத்தாற்று ஓரத்திலோ உறைகிணறு வைத்திருப்பவர்கள், வெள்ளம் வடிந்ததும் உறை எத்தனை அடி வெளியே தெரிகிறது என்று அளந்து, மோட்டார் கொட்டகைச் சுவரில் தேதியோடு எழுதி வைக்கலாம். போன வருஷத்தைவிட ஓர் அடி கூடினாலும், மோட்டாரை இறக்குவதற்கு முன் மண் எங்கே போனது என்று பார்க்க வேண்டும்.