டீக்கடைச் சண்டையில் யார் பக்கம் நியாயம்?

குட்டீஸ், மதுரையில் ஏப்ரல், மே மாதங்களில் காலை நேரத்து டீக்கடைப் பக்கம் போயிருக்கிறீர்களா? மணி எட்டுதான் ஆகியிருக்கும். அதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அங்கே தினமும் ஒரு சண்டை நடக்கும்.

"என்னா வெயிலு மாப்ளே! உலகம் சூடாயிட்டு வருதுன்னு பேப்பர்ல போடுறான்ல, அது சரியாத்தேன் இருக்கு!" என்பார் ஒருவர்.

"அட போங்க மாமா! அன்னிக்கு ஒருநா மழை கொட்டி, செல்லூரே மிதந்துச்சே... அப்ப எங்க போச்சு உங்க சூடு? எல்லாம் சும்மா பேச்சு!" என்பார் இன்னொருவர்.

டீ ஆறிப்போகும், சண்டை மட்டும் ஆறாது. இந்த இரண்டு பேரில் யார் சொல்வது சரி? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இரண்டு பேரும் சொல்வது தப்பு! முதலாமவர் சொல்லும் விஷயம் உண்மைதான். ஆனால் அதற்கு அவர் காட்டும் சாட்சி செல்லாது. இரண்டாமவருக்கு சாட்சியும் செல்லாது, விஷயமும் உண்மையில்லை.

நம் ஊர் டீக்கடையில்தான் இப்படிப் பேசுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்க நாடாளுமன்றத்திலேயே இந்தக் கூத்து நடந்திருக்கிறது. 2015 பிப்ரவரியில், ஜேம்ஸ் இன்ஹோஃப் என்ற செனட் உறுப்பினர், வெளியில் கிடந்த பனியை உருண்டையாகப் பிடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு சபைக்குள் எடுத்து வந்துவிட்டார். 'உலகம் சூடாகிறது என்கிறீர்களே, வெளியே எவ்வளவு குளிர் பாருங்கள்' என்று சொல்லி, உருண்டையை சபையிலேயே தூக்கிப் போட்டார். பெரியவர்கள் செய்கிற வேலையா இது!

அவரும் நம் டீக்கடை மாப்பிள்ளையும் செய்த தவறு ஒன்றுதான். வானிலையையும் காலநிலையையும் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள்.

தோனி எடுத்த முட்டை

மகேந்திர சிங் தோனியின் முதல் ஒருநாள் போட்டி எது தெரியுமா? 2004 டிசம்பரில், வங்கதேசத்தில் உள்ள சிட்டகாங்கில் நடந்தது. சந்தித்த முதல் பந்திலேயே ரன் அவுட். ஸ்கோர் பூஜ்யம்!

அன்று டி.வி. பார்த்த யாராவது, 'இந்தப் பையனுக்கு பேட்டிங்கே வராது' என்று சொல்லியிருக்கலாம். ஆனால், 350 ஒருநாள் போட்டிகள் ஆடி முடித்தபோது அவருடைய சராசரி 50 ரன்களுக்கு மேல்.

ஒரு போட்டியில் எடுத்த ரன், வானிலை. இன்று மழையா, வெயிலா, காற்றா என்பது அது. பல வருடங்கள் ஆடிய பிறகு கிடைக்கும் சராசரி, காலநிலை. விஞ்ஞானிகள் ஓர் ஊரின் காலநிலையைச் சொல்ல பொதுவாக 30 ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொள்கிறார்கள். இப்போது இந்திய வானிலை ஆய்வுத் துறை வெப்பநிலையில் 'இயல்பு' என்று சொல்வது, 1991 முதல் 2020 வரையிலான 30 ஆண்டுகளின் சராசரியைத்தான்.

எனவே, 'பூமி சூடாகிறதா' என்று கேட்டால், இன்றைய வெயிலைப் பார்த்துப் பதில் சொல்லக்கூடாது. சராசரி நகர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வெள்ளம், வறட்சி, தெர்மாகோல்!

ஒன்றிரண்டு வருடத்தை மட்டும் பார்த்தால் எப்படிக் குழம்பிப் போவோம் என்பதற்கு நம் மாநிலமே நல்ல உதாரணம்.

2015 வடகிழக்குப் பருவமழையில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தது. சரியாக அடுத்த வருடம், 2016-ல், அதே வடகிழக்குப் பருவமழை தமிழகத்தை ஏமாற்றிவிட்டது. வழக்கமாகப் பெய்வதைவிட 62 சதவீதம் குறைவு! 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று தமிழக அரசு அறிவித்தது.

மதுரைக்கு இது பெரிய அடி. நம் ஊருக்கு மேற்கே மலைகள் சுவர் மாதிரி நிற்பதால், ஜூனில் வருகிற தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையில் பெரும்பங்கைக் கேரளப் பக்கமே கொட்டிவிட்டு வருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்கு மழைதான் நமக்குக் கைகொடுக்க வேண்டும். அது பொய்த்தால் கண்மாய் வறண்டுவிடும், கிணறு வறண்டுவிடும், குழாயடியில் குடம் வரிசையாக நிற்கும்.

2017 ஏப்ரலில் வைகை அணையில் மிச்சமிருந்த தண்ணீரும் வெயிலில் ஆவியாகிக் கொண்டிருந்தது. அதைத் தடுக்க, அன்றைய அமைச்சர் செல்லூர் ராஜு முன்னிலையில் தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி தண்ணீர் மேல் மிதக்கவிட்டார்கள். காற்று ஒரே தள்ளு! அட்டைகள் எல்லாம் கரை ஒதுங்கிவிட்டன. தமிழ்நாடே சிரித்தது. உங்கள் அண்ணன், அக்காவைக் கேட்டால் இப்போதும் சிரிப்பார்கள்.

ஆனால் ஒன்று சொல்லட்டுமா? அவர்கள் சமாளிக்க நினைத்த பிரச்னை சிரிப்புக்குரியதல்ல. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், 2015-ல், ஒரு நீர்த்தேக்கம் முழுவதும் சுமார் 9.6 கோடி கறுப்பு பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டி மூடினார்கள். வெயில் பட்டு தண்ணீர் கெடாமல் இருக்கவும், ஆவியாவது குறையவும்தான். அந்தப் பந்துகளுக்குள் கொஞ்சம் தண்ணீர் இருந்ததால் காற்று அவற்றைத் தள்ளிக்கொண்டு போகவில்லை. தெர்மாகோலுக்கு ஏது எடை?

சரி, விஷயத்துக்கு வருவோம். 2015-ஐ மட்டும் பார்த்தவர் 'மழை கூடிப் போச்சு' என்பார். 2016-ஐ மட்டும் பார்த்தவர் 'மழையே போச்சு' என்பார். இரண்டும் வானிலைதான். தோனியின் இரண்டு ஸ்கோர்கள் மாதிரி.

பாட்டி சொன்னால் போதாதா?

'எங்க பாட்டிக்கு 75 வயசு. அந்தக் காலத்துல இவ்வளவு வெயில் கிடையாதுன்னு சொல்றாங்களே, அது போதாதா?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி!

பாட்டியின் நினைவு முக்கியமானதுதான். ஆனால், நினைவு ஒரு குறும்புக்காரப் பிள்ளை. அழகர் ஆற்றில் இறங்குகிற சமயத்தில் கண்டிப்பாக மழை வரும் என்று மதுரையில் சொல்வார்கள் அல்லவா? மழை வந்த வருடம், 'பார்த்தியா!' என்று மனதில் பதிந்துவிடும். வராத வருடம் அப்படியே மறந்துபோகும். அதனால்தான் எண்ணாக எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

எழுதுவதிலும் சிக்கல் உண்டு. மதுரை நகரத்துக்கு ஒரு வெப்பமானி, விமான நிலையத்துக்கு ஒரு வெப்பமானி என்று தனித்தனியாக அளக்கிறார்கள். இரண்டும் பல நாட்களில் ஒரே எண்ணைக் காட்டுவதில்லை. மாலை நேரத்து இடி மழை அண்ணாநகரில் கொட்டும். திருப்பரங்குன்றத்தில் தூசி பறக்கும். எனவே ஓர் இடத்துக் கணக்கு போதாது. உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான நிலையங்கள், கப்பல்கள், கடலில் மிதக்கும் கருவிகள் எல்லாவற்றின் கணக்கையும் சேர்த்துத்தான் பூமியின் சராசரியைக் கண்டுபிடிக்கிறார்கள்.

அந்தச் சராசரி நகர்கிறதா? நகர்கிறது! அதுவும் மேல்நோக்கி. 2015 முதல் 2024 வரையிலான பத்து ஆண்டுகளும், அதுவரை அளந்த ஆண்டுகளிலேயே மிகவும் சூடான பத்து ஆண்டுகள். அதில் முதலிடம் 2024-க்கு. இந்தியாவின் சராசரி வெப்பநிலை மட்டும் 1901 முதல் 2018 வரை சுமார் 0.7 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருக்கிறது.

'பூ... 0.7 தானா?' என்று நினைக்காதீர்கள். உங்கள் உடம்பு 37 டிகிரியிலிருந்து 38-க்குப் போனால் அம்மா பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் எழுதுகிறார் அல்லவா?

கொடைக்கானல் தரும் சாட்சி

டீக்கடை மாப்பிள்ளை இப்போது வேறு பக்கமாக வருவார். "சூரியன் ஒருவேளை கூடுதலா எரியுதோ என்னவோ! அதுக்கு மனுசன் என்ன செய்வான்?"

இதற்குப் பதில் சொல்ல நமக்குப் பக்கத்திலேயே ஆள் இருக்கிறது. டூர் போனபோது கொடைக்கானலில் சூரிய ஆய்வகத்தைப் பார்த்திருப்பீர்கள். (படகுச் சவாரி மட்டும் பார்த்துவிட்டு வந்தவர்கள் அடுத்த முறை எட்டிப் பாருங்கள்!) அது 1899-ல் அமைக்கப்பட்டது. அதன் பின்னால் ஒரு சோகக் கதை உண்டு. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. லட்சக்கணக்கானோர் பட்டினியால் இறந்தார்கள். மழை ஏன் பொய்த்தது, முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியாதா, சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று அன்றைய அரசு யோசித்தது. அந்த யோசனைதான் கடைசியில் கொடைக்கானல் மலையில் ஆய்வகமாக நின்றது.

நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். சூரியனின் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. 1978 முதல் செயற்கைக்கோள்களும் சூரிய சக்தியை அளக்கின்றன. அது இந்த 11 ஆண்டுக் கணக்கில் லேசாக ஏறி இறங்குகிறதே தவிர, பூமியின் வெப்பத்தைப் போல மேலே மேலே போகவில்லை. சூரியன் மேல் பழி போட முடியாது!

அப்படியானால் யார் காரணம்? நாம்தான். நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிக்கும்போது கரியமில வாயு வெளியேறுகிறது. அது பூமிக்குப் போர்வை மாதிரி. போர்வை இல்லாவிட்டால் பூமி உறைந்துவிடும். ஆனால், மே மாதத்தில் இரண்டு போர்வை போர்த்தினால்? தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன்பு காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. 1958-ல் ஹவாய்த் தீவில் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.

சூடானால் மழை ஏன்?

2024 அக்டோபர் 25-ம் தேதி மதுரையில் பெய்த மழையைச் சிலர் மறந்திருக்க மாட்டீர்கள். மதியத்துக்குமேல் கொட்டியது. பந்தல்குடி கால்வாய் நிரம்பி, செல்லூர் பகுதியில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நோட்டும் புத்தகமும் நனைந்துபோன பிள்ளைகள் எத்தனை பேரோ!

'சூடானால் மழை குறையத்தானே வேண்டும்?' என்று தோன்றும். ஈரத்துணி வெயிலில் சீக்கிரம் காய்கிறது. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? காற்றுக்குள். காற்று ஒரு டிகிரி கூடுதலாகச் சூடானால், சுமார் 7 சதவீதம் அதிகமாக நீராவியைச் சுமக்க முடியும். அதனால் மழையில்லாத நாட்களில் நிலம் வேகமாகக் காயும். மழை வரும்போது மொத்தமாகக் கொட்டும். வறட்சியும் வெள்ளமும் ஒரே அடுப்பில் வேகும் இரண்டு இட்லிகள். மாமாவும் மாப்பிள்ளையும் இதைக் கேட்டால் சண்டையை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் விழிப்பார்கள்.

அந்த ஒருநாள் மழைக்குப் பூமி சூடானதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு நாளை வைத்து அப்படிச் சொன்னால் நானும் டீக்கடைக்காரன் ஆகிவிடுவேன். பழங்கால நூலான பரிபாடலிலேயே வைகை வெள்ளம் வருகிறது! ஆனால், இப்படிக் கொட்டுகிற நாட்கள் உலகின் பல பகுதிகளில் கூடிவருகின்றன என்பதைப் பல ஆண்டுக் கணக்குகள் சொல்கின்றன.

இன்னொன்று. மதுரையின் சூடு முழுவதையும் கரியமில வாயுவின் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004-ல் திறக்கப்பட்ட இடத்தின் பெயர் உலகநேரி. பெயரிலேயே ஏரி இருக்கிறது, பார்த்தீர்களா? கண்மாயும் மரமும் இருந்த இடத்தில் தாரும் கான்கிரீட்டும் வந்தால், அவை பகலெல்லாம் வெயிலைக் குடித்து, ராத்திரியெல்லாம் அனலை விடும். மொட்டை மாடி அறையில் படுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. வெயில் தாக்கி ஒருவர் இறந்தால் அவர் குடும்பத்துக்கு இப்போது நிவாரணம் உண்டு.

நீங்களே அளக்கலாம்

ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல் மாதிரி பொருத்துங்கள். அடியில் கூழாங்கல் போட்டு, பாட்டில் நேராக எழும்பும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே 0 என்று கோடு போடுங்கள். அதற்குமேல் ஸ்கேலை வைத்து மில்லிமீட்டர் கோடுகள். மழைமானி ரெடி! மரமோ சுவரோ மறைக்காத இடத்தில் சாயாமல் வையுங்கள். வானிலைத் துறையினர் தினமும் காலை 8:30 மணிக்கு மழையை அளக்கிறார்கள். உங்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும். எட்டு மணிக்கே அளந்துவிடுங்கள். ஆனால், தினமும் அதே நேரம். அளந்ததும் தண்ணீரை மறுபடி 0 கோட்டுக்குக் கொண்டுவந்து விடுங்கள்.

ஒரு கணக்கும் தருகிறேன். உங்கள் மொட்டை மாடி 1,000 சதுர அடி என்றால், 10 சென்டிமீட்டர் மழையில் அதன்மேல் விழும் தண்ணீர் 9,000 லிட்டருக்கும் மேல். அது எங்கே போகிறது என்று அப்பாவிடம் கேளுங்கள்.

ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புது வருடம் பிறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்றைய தேதியைப் போட்டுத் தொடங்குங்கள். மழை இல்லாவிட்டால் அந்த இடத்தை வெறுமனே விட்டுவிடாமல் 0 என்று எழுதுங்கள். தோனியின் சராசரியில் அந்த முதல் நாள் முட்டையும் சேர்ந்துதானே இருக்கிறது!