முதலில் விசாரணை, பிறகு கத்தி

எட்சியோ என்ற நாயகனின் வெனிஸ், கரீபியன் கடற்கொள்ளை, எகிப்து, கிரீஸ், இப்போது ஜப்பான் என்று ‘அசாசின்ஸ் கிரீட்’ வரிசையை ஒன்றுவிடாமல் ஒரு கை பார்த்தவர்களிடம் முதல் கேம் பற்றிக் கேட்டுப் பாருங்கள். “அதுவா? செம மொக்கை. ஒரே மாதிரி மிஷன்” என்று உதட்டைப் பிதுக்குவார்கள். 2007 நவம்பரில் வெளியான அந்த கேமுக்கு இப்படி ஒரு கெட்ட பெயர் நிலைத்துவிட்டது. இன்று மறுபடி எடுத்து விளையாடினால், எதை மொக்கை என்று தள்ளினார்களோ அதுதான் இந்த வரிசையின் உயிர் என்று தோன்றுகிறது.

அதன் நாயகன், அசாசின் என்ற ரகசியக் கொலையாளி அல்தாயிர். கதை தெரிந்ததுதான். 1191, மூன்றாம் சிலுவைப் போர், கொல்ல வேண்டிய ஒன்பது பேரின் பட்டியல். ஆனால் பட்டியலில் இருப்பவரை நேராகப் போய்க் குத்திவிட முடியாது. டமாஸ்கஸ், ஆக்கர், ஜெருசலேம் மூன்று ஊர்களிலும் அசாசின்களுக்கு யாருக்கும் தெரியாத ஓர் அலுவலகம் உண்டு. கூரை வழியாகத்தான் உள்ளே இறங்க வேண்டும். பொறுப்பாளர் ரஃபீக் சலித்துக்கொண்டே வேலையைச் சொல்வார். பிறகு ஊருக்குள் அலைய வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து இருவர் பேசுவதை ஒட்டுக்கேட்கலாம். ஒருவன் இடுப்பில் செருகியிருக்கும் கடிதத்தை உருவலாம். நாற்சந்தியில் நின்று குறியாளின் புகழ் பாடுகிறவனைப் பின்தொடர்ந்து, சந்துக்குள் மடக்கி நாலு சாத்து சாத்தினால் உண்மையைக் கக்குவான். சேகரித்ததை ரஃபீக்கிடம் ஒப்பித்த பிறகே ஒரு வெள்ளை இறகு கைக்கு வரும். காரியம் முடிந்ததற்குச் சாட்சி, அதில் தோய்ந்த ரத்தம்.

இந்த விசாரணையில் உங்களுக்குத் துணை காதுதான். கேமில் சப்டைட்டில் கிடையாது. வசனத்தைத் தவறவிட்டால் போனது போனதுதான். எங்கே போய்த் துப்புத் தேடுவது என்பதை ரஃபீக் வாயால் சொல்வார், இந்தத் திசையில் சந்தை, அந்தத் திசையில் தேவாலயம் என்கிற தோரணையில். திரையோரக் குறிகள் அத்தனையையும் ஆப்ஷன்ஸில் போய் அணைத்துவிடலாம். அணைத்த பிறகும் கேம் நடக்கும். மசூதிக் கோபுரத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, எந்தச் சந்தில் காவலர் அதிகம், எந்த ஏணி கூரைக்குப் போகிறது என்று தெரிந்துகொள்கிறோம். கைகூப்பித் தலைகுனிந்து நடக்கும் துறவிகளோடு கலந்து காவலைத் தாண்டுகிறோம். காசு கேட்டு விடாமல் பின்னாலேயே வந்து வழிமறிக்கும் பிச்சைக்காரப் பெண்மணியைச் சபிக்கிறோம். மூன்றாவது வேலைக்குள் ஊர் பழகிவிடுகிறது.

பட்டியலில் உள்ள ஒருவரின் ஆக்கர் மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். சாம்பல் பூத்த ஊர். அந்த ஜூலையில்தான் சிலுவைப் படை அதைக் கைப்பற்றியிருக்கிறது. உள்ளே போனதும் ஒரு நோயாளி தப்பித்து ஓடி வருகிறான். காவலர் பிடித்து அடிக்கிறார்கள். மருத்துவர் கார்னியே பதறி வந்து தடுக்கிறார், கனிவாகப் பேசுகிறார். அடுத்த மூச்சில், இனி ஓடாதபடி இவன் கால்களை முறித்துவிடுங்கள் என்கிறார். நம் கை கத்திக்குப் போகிறது. குத்தியதும் ஊர் மறைந்து வெள்ளை வெளியில் நாமும் அவரும் மட்டும். சாகிறவர் பேச ஆரம்பிக்கிறார்: இவர்களுக்கு இங்கே சிகிச்சை கிடைத்தது, நான் போன பிறகு இவர்கள் கதி என்ன? ஒன்பது பேரும் இப்படி ஒரு நியாயம் சொல்லிவிட்டுத்தான் சாகிறார்கள். சிலர் சொல்வது நெஞ்சில் தைக்கிறது. அசாசின்களின் மஸ்யாஃப் கோட்டைக்குத் திரும்பும் அல்தாயிர் ஒவ்வொரு முறையும் குருவிடம் ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்கிறான். கொல்லும் முன் ஊரைக் கேள், கொன்ற பின் செத்தவனைக் கேள். இதைச் சட்டமாகவே வைத்த சண்டை கேம் வேறெது?

சரித்திரத்தில் கைவைத்திருக்கிறார்களா? நிறையவே. கார்னியே, ஹாஸ்பிட்டலர் என்ற சிலுவைப் போர் வீரர் அமைப்பின் தலைவராக உண்மையில் இருந்தவர். கேம் அவரை இப்படி ஒரு மருத்துவராக்கிவிட்டது. அதே பட்டியலில் இருப்பவர், டெம்ப்ளர் என்ற இன்னொரு வீரர் அமைப்பின் தலைவர் ராபர்ட் த சாப்லே ஆர்சூஃப் போருக்குப் பிறகும் உயிரோடு இருந்தவர். கேம் அவரை அந்தக் களத்திலேயே முடித்துவிடுகிறது. அசல் அசாசின்கள் நிஸாரி இஸ்மாயிலிகள், ஷியா பிரிவினர். 1938இல் விளாதிமிர் பார்த்தோல் எழுதிய ‘அலமுத்’ நாவல் வழியாகத் திரைக்கு வந்தவர்களிடம் அந்த மதம் கிட்டத்தட்டக் காணாமல் போயிருக்கிறது. பல மதத்தினர் சேர்ந்து செய்த கற்பனை இது என்று தொடக்கத்திலேயே ஒரு அறிவிப்புப் போட்டுக்கொண்டார்கள். சரித்திர ஆசிரியர்களுக்கு அது போதாதுதான். விவகாரத்தை அத்துடன் விட்டுவிடுவோம்.

என் கவலை வேறு. இந்த வரிசை போகப்போகக் காதை மூடிவிட்டு அம்புக்குறியைக் கையில் கொடுத்துவிட்டது. உண்மையைச் சொன்னால் வியாதியின் விதையும் முதல் கேமிலேயே இருக்கிறது. கோபுரம் ஏறி நின்றால் மேப்பில் குறிகள் முளைக்கும் தந்திரத்தை ஊரெல்லாம் பரப்பியது இதுதான். பொறுக்கிச் சேர்க்க 420 கொடிகளைத் தூவி வைத்ததும் இதுதான். அடுத்தடுத்த கேம்களில் குறிகள் பெருகி, மேப் அம்மை வார்த்த முகமாயிற்று. பாரிஸ் கதையில் வீதியில் ஓடுகிறவன் பாரிஸைப் பார்ப்பதில்லை, மினி மேப்பில் நகரும் புள்ளியைப் பார்க்கிறான். கோடிக்கணக்கில் கொட்டி எழுப்பிய நகரம் வெறும் படுதாவாகிவிடுகிறது.

தயாரித்தவர்களுக்கும் இது உறைத்திருக்க வேண்டும். 2018இல் கிரீஸ் கதையான ‘ஒடிசி’யில், குறி காட்டாமல் வாய்வழித் தகவலை வைத்துத் தேடும் முறையை ஒரு விருப்பத் தேர்வாக வைத்தார்கள். 2023இல் வந்த ‘மிராஜ்’ பாக்தாத் வீதிகளில், விசாரித்துக் கொல்லும் பழைய பாணிக்கே திரும்பியது. ஆனால் 2016இல் எட்சியோவின் மூன்று கதைகளையும் மெருகேற்றித் தொகுப்பாக விட்டபோது அல்தாயிரை மட்டும் வெளியே நிறுத்திவிட்டார்கள்.

வேலைக்குப் போய் அலுத்து வருகிறவனுக்கு வழிகாட்டும் குறி ஒரு வசதி என்பார்கள். காது கேளாதவர்களுக்கு சப்டைட்டில் இல்லாதது அநியாயம் என்பதும் சரிதான். தண்ணீரில் கால் வைத்தால் அல்தாயிர் செத்துப்போவதற்கு என்ன சமாதானம் சொன்னாலும் எடுபடாது. எல்லாம் இருக்கட்டும். பக்கத்துத் தெருவுக்கும் போனைப் பார்த்து நடக்கிற, இடப்பக்கம் திரும்பு என்று போன் சொன்னால் சுவரில் முட்டக்கூடத் தயாராக இருக்கிற தலைமுறை நாம். கேமிலும் அதே பழக்கம் என்றால், வழி கேட்பதும், கேட்டதை நினைவில் வைத்திருப்பதும், தப்பான சந்தில் நுழைந்து வேறொன்றைக் கண்டுபிடிப்பதும் எங்கேதான் நடக்கும்? பிள்ளைகள் கேமில் கத்தி எடுப்பதைப் பார்த்துப் பதறுகிற பெற்றோர், அவர்கள் அம்புக்குறியைத் தவிர வேறெதையும் பார்க்காமல் அந்தக் கத்தியை எடுப்பதைப் பார்த்துத்தான் பதற வேண்டும்.

பழைய கேம், விலையும் குறைவு, சாதாரண கம்ப்யூட்டரே தாங்கும். வாங்கினால் ஒன்று செய்யுங்கள்: மஸ்யாஃபை விட்டுக் கிளம்பும்போதே திரைக் குறிகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். டமாஸ்கஸில் முதல் ஒரு மணி நேரம் எரிச்சல் பிடுங்கித் தின்னும். சுற்றிச் சுற்றி அதே சந்தைக்கு வந்து நிற்பீர்கள். அங்கே இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள். உட்கார்ந்து கேளுங்கள், அடுத்து எங்கே போவது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.