எந்த ஊர் பழம் என்ன ருசி?

பிரான்ஸில் ஒயின் ருசி பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு மடக்கு வாயில் வைத்துக்கொண்டே எந்த ஊர்த் திராட்சை, எந்த வருஷத்து வெயில் என்று சொல்லப் பார்ப்பார்களாம். கேட்டால் கொஞ்சம் பந்தாவாகத்தான் தோன்றும். ஆனால், ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவிலேயே வாழைப்பழ விஷயத்தில் இதைச் செய்கிற மாமிகள் நாலு பேராவது இருப்பார்கள். "இது படுகைப் பூவன் இல்லடி, எங்கேயோ மேட்டு நிலத்துக் காய்" என்று தோலை உரிக்கும்போதே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். சரியா, தப்பா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

ஊர் அப்படி. முக்கொம்பில் காவிரி பிரிந்து, வடக்கே கொள்ளிடமும் தெற்கே காவிரியும் ஓட, நடுவில் எங்கள் தீவு. ஜீயபுரம், அந்தநல்லூர், லால்குடி, முசிறி, தொட்டியம் என்று எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ஜன்னலுக்கு வெளியே வாழைதான். (ஊருக்குள் நுழையும் இடத்துக்குப் பெயர் என்னவோ மாம்பழச் சாலை!) 1993-ல் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தைத் திருச்சியில்தான் தொடங்கினார்கள். தோகைமலை ரோட்டில் தாயனூரில் இருக்கிறது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் சேர்த்த ரகங்களை அங்கே வயலிலேயே வளர்த்துக் காப்பாற்றுகிறார்கள்.

எனக்கு அந்த அளவு படிப்பெல்லாம் இல்லை. எங்கே போனாலும் அந்த ஊர் பழத்தை ஒரு சீப்பு வாங்கிவிடுவேன். தின்றதும் இரண்டு வரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பேன். அதிலிருந்து சிலது இங்கே.

முதலில் எங்கள் பூவன். கோயில் தட்டு, தாம்பூலம், கிரகப்பிரவேசம் எல்லாவற்றுக்கும் இதுதான். தினமும் பார்க்கிற முகம் என்பதால் யாரும் இதன் ருசியைப் பற்றிப் பேசுவதில்லை. அது நியாயமில்லை. நன்றாகப் பழுத்த பூவனில் இனிப்புக்கு அடியில் ஒரு மெல்லிய புளிப்பு ஓடும். அந்தப் புளிப்புதான் இரண்டாவது பழத்துக்குக் கையை நீட்ட வைக்கிறது. அது இல்லாமல் வெறும் இனிப்பாக இருந்தால், காய் முற்றாமல் வெட்டி அவசரமாகப் பழுக்க வைத்தது என்று நான் எடுத்துக்கொள்வேன். முன்பெல்லாம் குழியிலோ அறையிலோ தாரை அடுக்கிப் புகை மூட்டம் போடுவார்கள். இப்போது எத்திலீன் வாயு அறைகள் வந்துவிட்டன. அது சட்டப்படி அனுமதிக்கப்பட்டதுதான். தடை செய்யப்பட்டது கார்பைடு கல். தோல் பளீரென்று மஞ்சளாக இருந்து காம்பு மட்டும் பச்சையாக, மணமே இல்லாமல் இருந்தால் நான் தொடுவதில்லை.

விருப்பாச்சி வேறு உலகம். பழனி மலையின் கீழ்ப்பகுதிகளில், காபித் தோட்டங்களுக்கு நடுவே நிழலுக்காகவும் வளர்க்கப்படுகிற மலைவாழை. பார்க்கச் சின்னதாக, வளைந்து, தோல் சுருங்கிக் கிடக்கும். அழுகிவிட்டதோ என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள், சுருங்கினால்தான் பதம். உள்ளே தண்ணீர்ச் சத்து குறைவு. கடித்தால் குழையாது, மெல்ல வேண்டும். மென்று முழுங்கிய பிறகும் வாயில் ஒரு மணம் கொஞ்ச நேரம் நிற்கும். பழனி பஞ்சாமிர்தத்தில் தண்ணீர் சேர்ப்பதில்லை. வாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய், பேரீச்சை, கற்கண்டு மட்டும் சேர்த்தும் அது அவ்வளவு நாள் கெடாமல் இருக்கிறதென்றால், இந்தப் பழத்தின் வறண்ட சதைக்கும் அதில் பங்கு உண்டு. விருப்பாச்சிக்கும் சிறுமலைப் பழத்துக்கும் புவிசார் குறியீடு முதலில் கிடைத்தது. பிறகு 2019-ல் பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது.

ஷாம்பெய்ன் என்ற பெயரை அந்த வட்டாரத்து ஒயினுக்கு மட்டும்தான் வைக்கலாம் என்று பிரெஞ்சுக்காரர்கள் பிடிவாதம் பிடிக்கிறார்களே, கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான் இந்தக் குறியீடும். ஆனால், பெயரைக் காப்பாற்றுவது வேறு, மரத்தைக் காப்பாற்றுவது வேறு. அசுவினிப் பூச்சி பரப்புகிற முடிக்கொத்து நோய் வந்து மலைவாழைத் தோட்டங்கள் ஏக்கர் ஏக்கராக அழிந்தன. இலைகள் நிமிர்ந்து, குட்டையாகி, உச்சியில் கொத்தாக நின்றுவிடும். குலையே தள்ளாது. நோயில்லாத திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொடுத்துத்தான் மறுபடி கொண்டுவர முயற்சி நடந்தது. நாம் கொடைக்கானல் போகிற வழியில் பேரம் பேசி வாங்குகிற அரை டஜன் பழத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

கன்னியாகுமரி மாவட்டத்து மட்டிக்கு 2023-ல் குறியீடு கிடைத்தது. விரல் நீளம், நுனியில் மூக்கு மாதிரி ஒரு கூர். அந்தப் பக்கத்தில் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கிற பழம். நாகர்கோவிலில் முதன்முதலாகத் தின்றபோது "தேன், கொஞ்சம் பன்னீர்" என்று எழுதியிருக்கிறேன். இப்போது படித்தாலும் அதை மாற்றத் தோன்றவில்லை. வாங்கி ஊருக்கு எடுத்து வர மட்டும் நினைக்காதீர்கள். திருச்சி வருவதற்குள் பாதி காம்பிலிருந்து உதிர்ந்துவிட்டது எனக்கு.

திருச்சூர் பக்கத்துச் செங்காலிக்கோடன் நேந்திரன், ஓணத்தின்போது குருவாயூர் கோயிலுக்குக் காழ்ச்சக்குலையாகப் போகிற பழம். குலையின் அழகே அழகு, பொன்னில் லேசாகச் சிவப்புப் பூசின மாதிரி. ருசியில் எனக்கு மற்ற நல்ல நேந்திரனுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மலையாளிகள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். கற்பூரவள்ளி பற்றி ஒரே வரி: சர்க்கரைப் பாகு, ஒன்றுக்கு மேல் முடியாது.

இனி ரஸ்தாளி. என் மாமியாருக்கு ரஸ்தாளி மட்டும்தான் பழம், மற்றதெல்லாம் "வயத்துக்குப் போடறது". மெல்லிய தோல், வெள்ளை வெளேரென்ற சதை, நாக்கில் மாவு போலக் கரையும். ஆப்பிளை நறுக்கினால் வருமே, அந்த மணத்தின் சாயல் இருக்கும். சில பழத்தில் நடுவில் கல் மாதிரி ஒரு கட்டி மாட்டும். அது ரஸ்தாளிக்கே உரிய குறை, பழக்காரரைத் திட்டிப் பயனில்லை. மைசூர் பக்கம் போனபோது நஞ்சன்கூடு ரசபாளை கிடைத்தது. இதே குடும்பம்தான், ஆனால் இன்னும் வாசனை. தோல் நன்றாகக் கறுக்கும்வரை பொறுத்திருந்து தின்னச் சொன்னார் விற்ற அம்மாள். தின்றபோது அதன் காரணம் புரிந்தது.

இரண்டுக்கும் எதிரியும் ஒன்றே. பனாமா வாடல் நோய். மண்ணில் இருக்கிற ஒரு பூஞ்சை வேர் வழியாக ஏறித் தண்ணீர் போகும் பாதையை அடைத்துவிடும். இலை மஞ்சளாகித் தொங்கும், தண்டு அடியில் பிளக்கும். ஒரு தடவை வந்தால் அந்த மண்ணில் பல வருஷம் தங்கிவிடும். பூவன் இதை ஓரளவு தாங்கும், ரஸ்தாளி தாங்காது. உலகம் முழுக்க ஏற்றுமதியான க்ரோ மிஷேல் என்ற ரகத்தை இதே நோய்தான் 1950-களில் வியாபாரத்திலிருந்தே விரட்டியது. அந்த இடத்துக்குத்தான் கேவண்டிஷ் வந்தது. நம் ஊர் மோரீஸ், ஜி-9 எல்லாம் அந்த வம்சம். பெரிய தார், சீரான காய், தூரம் தாங்கும். ருசி? பசிக்கு ஆகும். இப்போது அந்தக் கேவண்டிஷையும் தாக்கும் டி.ஆர்-4 என்ற புது வகைப் பூஞ்சை பீகார், உத்தரப் பிரதேசம் வரை வந்துவிட்டது.

காந்தி மார்க்கெட்டில் எனக்குப் பழம் தருகிறவர், ரஸ்தாளி கேட்டால் முதலில் சிரிப்பார். வந்த அன்று போன் பண்ணுவார். விலை பூவனைவிட நன்றாகவே கூட. நான் பேரம் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

போன ஆடியில் ஜீயபுரம் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தோம். வரப்புவரை ஜி-9, நடுவில் கொஞ்சம் பூவன். கிணற்றடியில் மட்டும் ஆறு ரஸ்தாளி தனியாக நின்றது. "இது மண்டிக்கு இல்லேம்மா, பேத்திக்கு" என்றார் தோட்டக்காரர். தை மாதம் அவரிடம் பேசியபோது ஒன்று வாடிவிட்டது என்றார். கிழங்கோடு தோண்டி எரித்து, குழியில் சுண்ணாம்பு போட்டிருக்கிறாராம். மீதி ஐந்தில் இரண்டு குலை தள்ளியிருக்கிறது.