ஹோட்டல் எடுத்தால் டிக்கெட் தள்ளுபடி: உம்ரா செல்வோருக்கு உண்மையில் லாபமா?

சில வாரங்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்து பள்ளியில் அமர்ந்திருந்தபோது, நம் ஜமாஅத்தைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் கைபேசியை நீட்டினார். அதில் ஒரு விளம்பரம். மக்காவில் ஏழு இரவு தங்குவதற்கு அவர்கள் சொல்லும் ஹோட்டலை எடுத்தால் விமான டிக்கெட்டில் ஆளுக்கு 8,000 ரூபாய் தள்ளுபடி. "ஹஜ்ரத், நானும் வீட்டிலயும் உம்மாவும் போறோம். மூணு பேருக்கு 24,000 மிச்சம். இது ஹலாலா? எடுக்கலாமா?" என்று கேட்டார்.

இரண்டு கேள்விகளும் சரியானவை. உம்ராவுக்கென்று பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. பள்ளி விடுமுறை நெருங்கும்போதும் ரமளானுக்கு முன்பும் இத்தகைய சலுகைகள் வாட்ஸ்அப்பில் குவிகின்றன. எனவே அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக எல்லோருக்குமாக எழுதுகிறோம்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

ஒரே வியாபாரத்தில் இரண்டு வியாபாரங்களைச் செய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்ற செய்தி திர்மிதியில் (1231) இடம்பெற்றுள்ளது. "ஹோட்டல் எடுத்தால்தான் டிக்கெட்" என்பது இதில் சேருமா என்று சிலர் தயங்குகிறார்கள். ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை என்று சொல்லி, எது என்று முடிவு செய்யாமலேயே பிரிந்து செல்வதை அறிஞர்கள் இதற்கு விளக்கமாகக் கூறுகிறார்கள். உன் பொருளை எனக்கு விற்றால்தான் என் பொருளை உனக்கு விற்பேன் என்று நிபந்தனை போடுவது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் தந்த விளக்கம்.

நாம் பேசும் சலுகை இதிலிருந்து வேறுபட்டது. விமானப் பயணமும் ஹோட்டல் அறையும் ஃபிக்ஹின் பார்வையில் இஜாரா, அதாவது வாடகை ஒப்பந்தங்கள். ஒரே நிறுவனம் இரண்டையும் சேர்த்து ஒரே விலைக்குத் தருகிறது. வெவ்வேறு சட்டம் கொண்ட வியாபாரத்தையும் வாடகையையும் ஒரே ஒப்பந்தத்தில் சேர்த்தால்கூட அது செல்லும் என்பதே ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான கருத்து என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் குறிப்பிடுகிறார்கள். பேசிய தொகை அவ்விரண்டின் மதிப்புக்கேற்பப் பிரித்துக் கொள்ளப்படும் என்றும் சொல்கிறார்கள். எனவே தேதி, ஹோட்டல், விமானம், மொத்த விலை ஆகிய நான்கும் தெளிவாக இருந்தால் இத்தகைய தொகுப்பை எடுப்பதில் தவறில்லை.

தெளிவு இல்லாத இடத்தில்தான் சிக்கல். "இந்த ஹோட்டல் அல்லது அதற்கு இணையானது", "இருக்கை கிடைத்தால்", "தேதி பிறகு அறிவிக்கப்படும்" என்ற வரிகளைப் பாருங்கள். எந்த அறை, எந்த நாள் என்று தெரியாமல் முழுப் பணத்தையும் கொடுக்கிறோம். நிச்சயமற்ற வியாபாரத்தை நபி (ஸல்) அவர்கள் தடை செய்ததாக முஸ்லிமில் வருகிறது. அதேபோல, ஒருவர் தன் அறைக்கு அதிக விலை சொல்வது ஹராமாகாது. ஆனால் 6,500 ரூபாய் அறையை "வழக்கமான விலை 12,000" என்று பொய்யாக எழுதி, அதில் தள்ளுபடி தருவதாகக் காட்டுவது மோசடி. மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த தானியக் குவியலில் கைவிட்டுப் பார்த்து அந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது நமக்குத் தெரிந்த செய்திதான்.

இப்படி ஏன் விற்கிறார்கள்?

எல்லாச் சலுகையும் ஏமாற்று அல்ல. விமான நிறுவனங்கள் சில கட்டணங்களை, ஹோட்டலோடு சேர்த்து மட்டுமே விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பயண நிறுவனங்களுக்குக் குறைவாகத் தருகின்றன. தனி டிக்கெட்டின் விலை சந்தையில் விழுந்துவிடக் கூடாது என்பதே காரணம். பயண முகவர்களும் விமானத்தில் மொத்தமாக இருக்கைகளையும், மக்காவில் மொத்தமாக அறைகளையும் முன்பே வாங்கி வைக்கிறார்கள். விற்காமல் போனால் நஷ்டம் அவர்களுக்கு. அதனால் ஒன்றில் குறைத்துக் கொடுத்து இரண்டையும் விற்றுவிடப் பார்க்கிறார்கள். இது நியாயமான வியாபாரம்தான்.

இதே முறையில், டிக்கெட்டில் குறைத்ததை அறை வாடகையில் ஏற்றிவிடவும் முடியும். இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லும்போது எதில் எவ்வளவு என்பது நம் கண்ணுக்குத் தெரியாது. மின்ஹாஜ் சொன்னபடி தொகையைப் பிரித்துப் பார்ப்பதுதான் இதைக் கண்டறியும் வழி.

பிரித்துப் பார்ப்போம்

அந்தச் சகோதரரோடு ஒரு தாளில் எழுதிய கணக்கை, எண்களைச் சுற்றி எளிமையாக்கித் தருகிறோம். இவை விளக்கத்துக்கான எண்கள். உங்கள் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும்.

சலுகையில்: டிக்கெட் 38,000 வீதம் மூவருக்கு 1,14,000. மூவர் தங்கும் அறை ஓர் இரவுக்கு 9,000 வீதம் ஏழு இரவுக்கு 63,000. மொத்தம் 1,77,000.

தனித்தனியாக: அதே விமானத்தில் டிக்கெட் 46,000 வீதம் 1,38,000. அதே ஹோட்டலில் அதே அறை, அதே தேதிகளில் நேரடியாகக் கேட்டால் 6,500 வீதம் 45,500. மொத்தம் 1,83,500.

ஆக விளம்பரத்தில் 24,000 என்று தெரிந்த லாபம் 6,500 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. மீதி 17,500 அறை வாடகைக்குள் போய்விட்டது.

அடுத்து அந்த ஹோட்டல் எங்கே இருக்கிறது என்று பார்த்தோம். "ஹரமுக்குப் பத்து நிமிடம்" என்று போட்டிருந்தது. அது பேருந்தில் பத்து நிமிடம். ஹோட்டல் இருப்பது ஹரமிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியுள்ள அஸீஸிய்யா பகுதியில். அவருடைய உம்மாவுக்கோ முழங்கால் வலி. ஹோட்டல் பேருந்து எல்லா வக்துக்கும் ஓடுமா என்பதற்கும் பதில் இல்லை. டாக்ஸிக்கு ஒரு நாளைக்கு 60 ரியால் என்றால் ஏழு நாளுக்கு 420 ரியால். ரியாலுக்கு 24 ரூபாய் என்று வைத்தால் 10,080 ரூபாய். சலுகையின் உண்மையான செலவு 1,87,080 ஆகிறது. மிஸ்ஃபலாவில் நடந்து போகும் தூரத்தில் ஓர் எளிய ஹோட்டல் 7,500 வீதம் கிடைத்தது. அதோடு தனி டிக்கெட்டைச் சேர்த்தால் 1,90,500.

கடைசியில் வித்தியாசம் 3,420 ரூபாய். சலுகை இப்போதும் மலிவுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த 3,420 ரூபாய்க்காக வயதான தாயை வக்துக்கு வக்து வாகனத்துக்குக் காத்திருக்க வைப்பதா என்பதே கேள்வி. நான்கு இளைஞர்கள் சேர்ந்து போகிறார்கள் என்றால் இதே சலுகையை எடுக்கச் சொல்லியிருப்போம்.

விளம்பரத்தில் வராத செலவுகள்

வரி: விமான டிக்கெட்டையும் ஹோட்டலையும் சேர்த்து வெளிநாட்டுப் பயணத் தொகுப்பாக வாங்கினால், விற்பவர் டி.சி.எஸ். என்ற வரியைப் பிடித்தம் செய்ய வேண்டும். டிக்கெட் மட்டும் அல்லது ஹோட்டல் மட்டும் வாங்கினால் இது கிடையாது. பிடித்த தொகையை வருமான வரிக் கணக்கில் கழித்துக் கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். ஆனால் கணக்குத் தாக்கல் செய்யும் பழக்கம் இல்லாத சிறு வியாபாரிக்கு அது முடங்கிய பணமாகிவிடும்.

தவணை: "வட்டியில்லாத் தவணை" என்ற பெயரில் கடன் அட்டை வழியாகத் தருவதிலும் எச்சரிக்கை வேண்டும். பலவற்றில் வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. விற்பவர் அந்த அளவுக்கு விலையைக் குறைத்துக் காட்டுகிறார். அட்டைக் கணக்கில் வட்டி என்றே பதிவாகி, அதன்மீது ஜி.எஸ்.டி.யும் வரும். அல்லாஹ்வின் இல்லத்தை நோக்கிய பயணத்தை வட்டிக் கணக்கோடு தொடங்க வேண்டாம்.

ரத்து: நோய், மரணம், விசா தாமதம் எதுவும் வரலாம். தொகுப்பில் ஒன்றை ரத்து செய்தால் இரண்டும் போகுமா என்று கேளுங்கள். இந்திய விமான நிறுவனங்கள், சலுகைக் கட்டண டிக்கெட்டாக இருந்தாலும், ரத்தானால் அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. இதைப் பலர் கேட்டு வாங்குவதில்லை.

பரிசு: "இலவச ஹோட்டலும் பாதி விலை டிக்கெட்டும் உங்களுக்குப் பரிசாக விழுந்திருக்கிறது, மனைவியோடு வந்து வாங்கிக் கொள்ளுங்கள்" என்று வரும் அழைப்புகள் வேறு வகை. அங்கே உட்கார வைத்துப் பல ஆண்டு விடுமுறைச் சங்க உறுப்பினர் திட்டத்தை விற்பார்கள். போகாமல் இருப்பதே நல்லது.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. ஹோட்டலின் பெயர் என்ன? அது மாறினால் பணம் திரும்புமா?
2. ஹரமின் வெளி முற்றத்துக்கு நடந்து எவ்வளவு தூரம்? வழி ஏற்றமா, சமதளமா?
3. அறையில் எத்தனை பேர்? சொன்ன விலை நால்வர் அறைக்கா, மூவர் அறைக்கா?
4. நேரடி விமானமா, வழியில் மாற வேண்டுமா? எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும்? எத்தனை கிலோ சுமை?
5. வார இறுதி இரவுகளுக்குக் கூடுதல் வாடகை உண்டா?
6. வரி உட்பட மொத்தம் எவ்வளவு? ரத்தானால் எவ்வளவு திரும்பும்?

பதில்களை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். கொடுத்த வாக்கு மீறப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். பயண நிறுவனம் நடத்தும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை: வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசி, குறையைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் அந்த பரக்கத் அழிக்கப்படும் என்று புகாரி (2079) ஹதீஸ் எச்சரிக்கிறது.

முடிவாக

போகும் தேதியும் ஹோட்டலும் நாம் ஏற்கனவே முடிவு செய்தவையாக இருந்து, அதே அறையின் தனி விலையை விசாரித்த பிறகும் மிச்சம் தெரிந்தால் சலுகையை எடுங்கள். சலுகைக்காகத் தேதியை மாற்றி, இரவுகளைக் கூட்டி, தூரத்து ஹோட்டலை ஏற்க வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள். சலுகை முடியப் போகிறது என்ற அவசரத்தில் கடன் வாங்கவும் வேண்டாம். சக்தி உள்ளவர் மீதுதான் கடமை. அல்லாஹ் நம் மீது சுமத்தாததை ஒரு விளம்பரம் சுமத்த முடியாது.

யமன் நாட்டு மக்களில் சிலர் கட்டுச்சாதம் இல்லாமல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, மக்காவில் மற்றவர்களிடம் கையேந்தினார்கள். பயணத்துக்கு வேண்டியதைத் தயார் செய்துகொள்ளும்படி கட்டளையிடும் 2:197 வசனம் அது குறித்து இறங்கியதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறுகிறார்கள் (புகாரி 1523). அதே வசனம், தயார் செய்துகொள்வதில் மிகச் சிறந்தது தக்வா என்றும் சொல்கிறது. கணக்குப் பார்த்துச் செலவு செய்வது கஞ்சத்தனம் அல்ல, அது அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிவதே.

அந்தச் சகோதரர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "உம்மா அஞ்சு வக்தும் ஹரம்லதான் தொழணும்னு சொல்லிக்கிட்டிருக்காங்க ஹஜ்ரத். பக்கத்து ஹோட்டலையே பாத்துடுறேன்" என்று சொல்லிப் போனார். அல்லாஹ் அவர்களுடைய உம்ராவையும், அந்த ஏக்கத்தோடு காத்திருக்கும் நம் எல்லோருடைய பயணத்தையும் எளிதாக்கி ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.