முழங்காலுக்கு ஒரு மெத்தை

தோட்டத்தில் மண்டியிட்டு நெடுநேரம் களை பறித்தபின் முழங்கால் ஏன் நோகிறது என்று சிந்தித்ததுண்டா, நேயர்களே? முழங்காற்சில்லுக்கும் தோலுக்கும் இடையே, உராய்வைத் தணிக்கும் பொருட்டு இயற்கை அமைத்திருக்கும் சிறியதொரு திரவப்பை, கடினமான தரையின் அழுத்தத்தை அடிக்கடி தாங்க நேருமாயின், வீங்கி வேதனை தரும். அதனாலேயே இங்கிலாந்தின் தோட்டப் பிரியர்கள் பலர், இருபுறமும் கைப்பிடிகள் அமைந்த, மெத்தை பொருத்திய சிறு பலகையொன்றை உடன் எடுத்துச் செல்கின்றனர். உடலின் பாரத்தைப் பரவலாக ஏற்று முழங்காலைக் காக்கும் அச்சாதனம், எழுந்திருக்கையில் கைகளுக்கு ஆதாரமாகி, தலைகீழாகத் திருப்பி வைத்தால் அமர்ந்து இளைப்பாறும் ஆசனமாகவும் பயன்படுகிறது. முதுமையிலும் மண்ணோடு உறவாட விழைவோர்க்கு இஃது உண்மையிலேயே பேருபகாரம். அச்சாதனம் இல்லாதோர், மடித்த சாக்கொன்றை இட்டுக்கொண்டாலும் முழங்காலுக்கு அது ரக்ஷையே.