தவளைக்கும் கணக்குக் கேட்கும் காலம்

மருத்துவப் படிப்பு புதுச்சேரிக்குப் பழையது. 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்ததுதான் கோரிமேட்டு ஜிப்மர்.

முன்பெல்லாம் மருத்துவம் படித்தாலும் விலங்கியல் படித்தாலும் தவளையை அறுக்காமல் தேற முடியாது. விலங்கியல் மாணவர்கள் அதை மெழுகுத் தட்டில் குண்டூசி குத்திக் கிடத்தி அறுத்தார்கள். உடலியங்கியல் வகுப்பில் அதன் மூளையையும் தண்டுவடத்தையும் ஊசியால் சிதைத்து, தசையின் துடிப்பைக் கரிப்புகை ஏற்றிய உருளைத் தாளில் பதிந்தார்கள். மருந்தியலில் கினிப்பன்றியின் குடல், முயலின் கண், நாயின் ரத்த அழுத்தம். ஆண்டுதோறும் அதே சோதனை, அதே விடை. விடை தெரிந்த கேள்விக்கு எதற்கு ஓர் உயிர் என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை.

சட்டம் கேட்டிருந்தது. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவே, கல்லூரிகளில் புத்தகம், மாதிரி, திரைப்படம் ஆகியவை போதுமென்றால் விலங்குச் சோதனையைத் தவிர்க்கச் சொன்னது. வெறும் கைப்பழக்கத்துக்காக விலங்கை அறுக்கக் கூடாது என்றும் சொன்னது. ஆனால் அதற்கு ஈடான மாற்று கையில் இல்லாதவரை அந்த வரிகள் ஏட்டிலேயே கிடந்தன.

அந்த மாற்றுகளில் ஒன்று இந்த ஊரிலேயே பிறந்தது. ஜிப்மர் மருந்தியல் பேராசிரியராக இருந்த ஆர். ரவீந்திரன் உருவாக்கிய ‘எக்ஸ்ஃபார்ம்’ மென்பொருளில், முயலின் கண்ணில் மருந்து விடுவதையும் தவளை இதயத்தின் துடிப்பு மாறுவதையும் மாணவர் கணினித் திரையிலேயே செய்து பார்க்கலாம். தவறினால் மறுபடியும் செய்யலாம். எந்த உயிரும் போகாது. இளநிலை மருத்துவத்தில் உடலியங்கியலையும் மருந்தியலையும் கணினி வழியே கற்பிக்குமாறு 2014-இல் இந்திய மருத்துவக் கவுன்சில் விதித்தது. விலங்கியல் வகுப்பு அறுவைக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவும் அதே ஆண்டு தடை போட்டது.

ஆராய்ச்சியில் விலங்கு இன்னும் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின்கீழ் வந்த 1998 விதிகளுக்குப் பிறகு நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்பாமல் ஓர் எலியைக்கூடத் தொட முடியாது. ஏன் இந்த விலங்கு, ஏன் இத்தனை, வலியை எப்படித் தணிப்பீர்கள் என்று எழுத்தில் பதில் தர வேண்டும். நாய், குரங்கு என்றால் விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்தியக் குழுவின் அனுமதியும் வேண்டும். முடிந்தால் மாற்று, முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைத் தணி என்று அறிவியலாளர்கள் ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-இல் வகுத்த நெறிதான் இதன் அடித்தளம்.

நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவில் கால்நடை மருத்துவரோடு, அறிவியல் துறை சாராத, சமூக அக்கறையுள்ள வெளியார் ஒருவரும் உட்கார வேண்டும் என்பது விதி. என் பார்வையில் அந்த நாற்காலிதான் மிக முக்கியமானது. துறைக்காரர்களுக்குப் பழகிப்போனதை அவரால்தான் கேள்வி கேட்க முடியும். அவர் வெறுமனே கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தால், விதி மறுபடியும் ஏட்டுக்கே போய்விடும். நாளை அந்த அழைப்பு உங்களுக்கு வந்தால், தயங்காமல் போங்கள். புரியாததைப் புரியும்வரை கேளுங்கள்.